கீழ்வீட்டு பேட்டரி

ஜெசிந்தாவின் இடது தோளுக்குக் கீழே இருந்த சிப் மூன்றாவது முறையாக அதிர ஆரம்பித்தபோது, அவள் தன் வீட்டு முன்னறைக் கடையில் யாரோ ஒருவருடைய ஆதார் அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே தாளில் வருகிற மாதிரி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். தோலுக்கு அடியில் ஒரு வண்டு மாட்டிக்கொண்டது போன்ற அதிர்வு. இன்னும் சில மாதங்களில் பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். வந்தவரை அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வந்துருச்சு" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

அவள் கணவன் சூசை பெயின்ட் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சட்டையைப் பாதி மாட்டியபடி வெளியே வந்தான். "அதுக்குள்ளயா?"

"பத்து வருஷம் வரும்னாங்க. இது ரெண்டு வருஷம்கூட தாங்கல."

ஆற்றோரத்துக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காக நகரத்துக்கு வெளியே கட்டிய எட்டு மாடிக் குடியிருப்பு அது. பெரிய ஆஸ்பத்திரி வெகு தூரத்தில் இருந்தது. நெஞ்சுவலி என்று போன் செய்து, ஆம்புலன்ஸ் எந்த பிளாக் என்று தேடிக் கண்டுபிடித்து வருவதற்குள் ஆள் போய்விடுவது வழக்கமாகிப் போனதால், அரசு 'நெஞ்சுக்காவல்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. இதயக் கோளாறு உள்ளவர்களுக்குத் தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு சிப். துடிப்பு தப்பினால், யாரும் கூப்பிடாமலே ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும். அதனால் பிழைத்தவர்கள் ஜெசிந்தாவின் பிளாக்கிலேயே இருந்தார்கள். அவளும் ஒருத்தி. அதனால் திட்டத்தை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பேட்டரியைத்தான் சொன்னாள். பேட்டரியை மாற்றுவதென்றால் தோலைக் கிழித்துத்தான் மாற்ற வேண்டும். அப்படி இரண்டு முறை கிழித்தாகிவிட்டது. இரண்டாவது முறை சீழ் பிடித்து, கையைத் தூக்க முடியாமல் கடையைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தழும்பை விரலால் அழுத்திப் பார்த்தார். "இந்த இடத்துல தோல் ரொம்ப மெலிஞ்சு போச்சும்மா. இனி வலது பக்கம்தான் வைக்கணும். அதுவும் இப்ப முடியாது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்த அனுமதி. கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே தீர்ந்துட்டா?"

"தீராதுன்னு போட்டிருக்கு."

"தீர்ந்து போச்சே சார். உங்க முன்னாடிதானே உக்காந்திருக்கேன்."

டாக்டருக்கும் எரிச்சல்தான். ஆனால் அது அவள் மேல் இல்லை. "எனக்குப் புரியுதும்மா. போன தடவை மாதிரி சிறப்பு அனுமதி வாங்கிட்டு வாங்க" என்றார்.

போன தடவை அந்த அனுமதிக்காக எத்தனை வாசல் ஏறினோம் என்பதை நினைத்தபோது ஜெசிந்தாவுக்கு வீட்டுக்கு பஸ் ஏறக்கூடப் பிடிக்கவில்லை.

ஆனாலும் இந்த முறை அவள் சிப்பைப் பராமரிக்கும் கம்பெனிக்கு விடாமல் போன் செய்தாள். கடைசியில் ஒருவன் வந்தான். பெயர் தௌபீக். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். பேசுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததால் அவளுக்கு அவனைத் திட்ட மனசு வரவில்லை.

அவன் டேப்லெட்டை அவள் தோளுக்கு அருகில் பிடித்துப் பார்த்தான்.

"என்ன தம்பி, மட்டமான பேட்டரியா?"

"பேட்டரி நல்ல பேட்டரிதான் அக்கா. நீங்க இருக்கிற இடம்தான் பிரச்சினை." ஜன்னலைத் திறந்து வெளியே கை காட்டினான். ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி, மைதானத்தின் மூலையில் ஒரு ஒல்லியான கம்பம் நின்றது. "அதுதான் ரிசீவர். எல்லார் சிப்பும் அதுக்குத்தான் செய்தி அனுப்பணும். ஆனா சிப் ரொம்பச் சின்னது. அதோட சிக்னல் ரெண்டு வீடு தாண்டாது. அதனால பக்கத்து வீட்டு சிப்கிட்ட கொடுக்கும். அது அடுத்ததுகிட்ட கொடுக்கும். அப்படியே கைமாறி கைமாறி கம்பத்துக்கு வந்து சேரும்."

"போன் வழியா அனுப்பக் கூடாதா?"

"முதல்ல அப்படித்தான் பண்ணாங்க. பாதிப் பேர் போன் சார்ஜ் இல்லாம கிடந்துச்சு, மீதிப் பேர் ரீசார்ஜ் பண்ணல. உயிர் போற விஷயத்துல போனை நம்ப முடியாதுன்னு சிப்பையே பேச வெச்சுட்டாங்க."

"சரி, அதுக்கும் எனக்கும் என்ன?"

"இந்த பிளாக்ல கம்பத்தைப் பார்த்த மாதிரி இருக்கிற கீழ் வீடு உங்களுதுதான். மத்த பக்கம் லிஃப்ட் சுவர் மறைக்குது. மேல இருக்கிற அத்தனை பேரோட செய்தியும் கடைசியா உங்க சிப் வழியாத்தான் வெளிய போகுது. வாங்கறதுக்கும் கரண்ட் செலவு, அனுப்பறதுக்கும் செலவு. உங்க நெஞ்சுக்காக உங்க பேட்டரி செலவு பண்றது ரொம்பக் கொஞ்சம் அக்கா. மிச்சமெல்லாம் மத்தவங்களுக்கு."

ஜெசிந்தா தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் மாடி பிரமிளாவின் மாமியார், எட்டாம் மாடி பலராமன், ஐந்தாம் மாடியில் எந்நேரமும் சண்டை போடும் அண்ணன் தம்பி, எல்லாருடைய இதயமும் இந்த இடம் வழியாகப் போய்க்கொண்டிருந்ததா?

"இது வைக்கும்போதே தெரியுமா உங்களுக்கு?"

"பேப்பர்ல எல்லாருக்கும் சராசரி போட்டாங்க. சராசரி பத்து வருஷம் வருது. எட்டாவது மாடில இருக்கிறவருக்குப் பதினஞ்சு வருஷம்கூட வரும்."

"சரி, என்ன பண்ணலாம்?"

"ஒவ்வொரு மாடிக்கும் ஒரு சின்னப் பெட்டி வெச்சா போதும். கரண்ட்ல ஓடற பெட்டி. உங்க சிப்புக்கு வேலையே இருக்காது. நான் மூணு தடவை எழுதிட்டேன் அக்கா. பெட்டி வாங்கறது ஒரு கணக்கு, ஆபரேஷன் பண்றது இன்னொரு கணக்காம். பெட்டிக்கு ஒதுக்கீடு கிடையாது. ஆபரேஷனுக்கு உண்டு."

"என்னைக் கிழிக்கிறதுக்குக் காசு இருக்கு. பெட்டி வாங்க இல்ல."

தௌபீக் டேப்லெட்டை அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினான்.

அடுத்த நாளே ஜெசிந்தா கடையைச் சூசையிடம் விட்டுவிட்டு அலைய ஆரம்பித்தாள். வீட்டுவசதி அலுவலகத்தில், பெட்டி வைப்பது சுகாதாரத் துறை வேலை என்றார்கள். சுகாதார அலுவலகத்தில் ஒரு பெண், சுவர் வீட்டுவசதியாருடையது, அவர்கள் அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது என்றாள். கம்பெனியில், டெண்டரில் பெட்டி இல்லை, அடுத்த டெண்டரில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த டெண்டர் எப்போது என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

பிளாக் மக்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் ஒருவேளை நடக்கும் என்று வீடு வீடாக ஏறினாள். சிலர் போட்டார்கள். மூன்றாம் மாடி பிரமிளா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நீ எதையாவது கிளறி விட்டு, இருக்கிறதையும் நிறுத்திட்டா என் மாமியாரை யாரு பாக்கறது?"

"நிறுத்தச் சொல்லல பிரமிளா. பெட்டி வைக்கச் சொல்றேன்."

"உனக்குப் பேட்டரி தீர்ந்தா இலவசமாத்தானே மாத்தித் தர்றாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்."

ஜெசிந்தா ஜாக்கெட்டின் தோளை விலக்கித் தழும்பைக் காட்டினாள். பிரமிளா பார்த்தாள். "ஐயோ பாவம்" என்றாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

தௌபீக் பேட்டரி அளவைப் பார்க்க மறுபடி வந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. "கம்பத்துக்குப் பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்க சிப்தானே வேலை செய்யும்? அப்ப வேற யாராவது எங்க வீட்டு ஜன்னல் ஓரம் வந்து உக்காந்தா?"

அவன் யோசித்தான். "அவங்க பேட்டரில நிறைய மிச்சம் இருந்தா, சிப்புங்களே பேசி வெச்சு வேலையை அவங்களுக்கு மாத்திவிடும். உங்களுது சும்மா இருக்கும். முறை வெச்சு ஆள் மாறி மாறி உக்காந்தா எல்லாருக்கும் சமமாப் போகும் அக்கா. பேப்பர்ல சராசரின்னு போட்டாங்களே, அது நிஜமாவே வந்துரும்."

அப்படித்தான் ஜெராக்ஸ் கடையின் ஜன்னல் ஓரத்தில் நாற்காலிகள் வந்தன. சிப் வைத்தவர்கள் முறை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். முதலில் எல்லாருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. ஒருவர் கீரை ஆய்ந்தார், ஒருவர் கிரிக்கெட் பார்த்தார். சண்டைக்கார அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா எல்லாருக்கும் டீ போட்டாள். தோளில் அதிர்வு நின்றுபோனது.

பிறகு ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு முதுகு வலி. வேலைக்குப் போகிறவர்களால் பகலில் வர முடியவில்லை. மழை வந்தது. நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. அதிர்வு திரும்ப வந்தது. கூப்பிடப் போனால் "இதோ வரேன்" என்றார்கள். வரவில்லை. தன் உயிருக்காகப் பிச்சை கேட்பது போல ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. பேட்டரி தீர்வது தன் உயிருக்காகவே இல்லை என்பது அதைவிடக் கடுப்பாக இருந்தது.

பலராமன் மட்டும் தவறாமல் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். "ரெண்டு தடவை என் உசுரு உன் வழியாத்தான்மா திரும்பி வந்திருக்கு. இதுகூடச் செய்யலைன்னா எப்படி?" என்பார். ஆனால் அவர் எட்டாம் மாடி. லிஃப்ட் பழுதாகிப் பல நாளாகியிருந்தது. அதற்கும் மனு கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் மதியம் அவர் முறை முடிந்து ஏறிப் போகும்போது நான்காம் மாடிப் படியில் சுருண்டு விழுந்தார். ஜெசிந்தாவுக்குத் தெரிவதற்கு முன்பே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அவரைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். சில வாரங்கள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் எட்டு மாடி தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கடை வாசலைத் தாண்டும்போது ஜெசிந்தாவைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார்.

அவர் மனைவி சாவித்திரி பின்னால் நின்றாள். "உன் பேட்டரி மிச்சமாகணும்னு இந்த மனுசனை எட்டு மாடி ஏறி இறங்க வெச்சியே. இப்ப திருப்தியா?" என்று சத்தம் போடாமல் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் படி ஏறினாள்.

ஜெசிந்தாவிடம் பதில் இருந்தது. அவருடைய செய்தி அன்றைக்கும் தன் உடம்பு வழியாகத்தான் போனது என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? நாற்காலிகளை மடித்து உள்ளே வைத்தாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

தௌபீக் வந்தபோது கேட்டாள். "என் சிப்பை எனக்கு மட்டும் வேலை செய்யற மாதிரி மாத்த முடியுமா?"

"முடியும் அக்கா. பண்ணக் கூடாது."

"பண்ணிக் காட்டு. கொஞ்ச நேரம்தான். என்ன ஆகுதுன்னு நான் பாக்கணும்."

"வேலை போயிடும் அக்கா."

"மூணாவது தடவையா என்னைக் கிழிக்கப் போறாங்க தம்பி. நான் யாருக்காகக் கிழிபடறேன்னு பாக்கக் கூடாதா?"

அவன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு டேப்லெட்டில் எதையோ அழுத்தினான். திரையில் பிளாக்கின் படம் வந்தது. மாடி மாடியாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டே போயின. பலராமன், சாம்பல். பிரமிளாவின் மாமியார், சாம்பல். அண்ணன், தம்பி. கடைசியில் அந்தத் திரையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி மிஞ்சியது. ஜெசிந்தா.

அந்த ஒரு கணம் அவளுக்கு அது பிடித்திருந்தது. அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்று மேலே ஏறிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பிறகு பலராமனின் கோணிய வாய் ஞாபகம் வந்தது. இப்போது அவருக்கு ஏதாவது ஆனால்?

"போதும், போட்டுரு" என்றாள். அவன் விரல் திரைக்குப் போவதற்குள் "சீக்கிரம்" என்றாள்.

புள்ளிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்வரை இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை சூசை சொன்னான். "வீட்டை மாத்திக் கேட்டுப் பாப்போம் ஜெசி. மேல ஏதாவது காலியா இருந்தா. கடை போனா போகுது."

கடை அவள் உருவாக்கியது. ஆனாலும் மறுநாள் வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். வீட்டை மாற்றுவதற்கு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருந்ததால் அவளுக்கு நம்பிக்கை இல்லை. பத்து நாள்கூட ஆகியிருக்காது, ஓர் அதிகாரியே போன் செய்தார்.

"அம்மா, உங்க பிளாக்லயே அஞ்சாவது மாடில ஒரு வீடு காலியாகுது. உங்களுக்கு ஒதுக்கிட்டோம்."

சண்டைக்கார அண்ணன் தம்பி வீடுதான். தனித்தனியாகப் போகிறார்களாம்.

"நான் போயிட்டா மத்தவங்க செய்தி எப்படி சார் போகும்?" என்று கேட்டாள். "கீழ் வீட்டுல யாரும் இல்லைன்னா எல்லாம் நின்னு போயிடும். நானே பாத்திருக்கேன்."

"அதுக்கு மாற்று ஏற்பாடு பண்ணியாச்சும்மா. கவலைப்படாதீங்க. உங்க மனுவாலதான் இதையே யோசிச்சோம்."

போனை வைத்ததும் ஜெசிந்தா சூசையிடம், "பெட்டி வைக்கப் போறாங்க" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. தௌபீக்குக்குப் போன் செய்து சொன்னாள். அவனுக்கு அப்படி எதுவும் தெரியாது என்றான். ஆனால் அவனுக்கும் சந்தோஷம். "மேல போயிட்டா உங்க பேட்டரில இப்ப இருக்கிற மிச்சமே இன்னும் சில வருஷம் வரும் அக்கா. ஆபரேஷனே வேண்டாம்." அன்று வீட்டில் மீன் குழம்பு. பிரமிளாவைப் படியில் பார்த்தபோது, "பெட்டி வருது" என்று ஜெசிந்தா கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

வீடு மாறுகிற அன்று சூசையும் அவன் கூட வேலை செய்கிற இரண்டு பேரும் காலையிலிருந்தே சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா காலியான அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பாய், பாத்திரம், ஒரு தொட்டில் கம்பி. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு இறங்கினாள். பின்னாலேயே தௌபீக்கின் ஸ்கூட்டர். அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"இந்த வீடுதானேக்கா? என் பேரு தேன்மொழி. இன்னிக்கு நீங்க காலி பண்றீங்கன்னு சொன்னாங்க."

ஜெசிந்தா தௌபீக்கைப் பார்த்தாள். "பெட்டி எங்க தம்பி?"

"எனக்கே காலைலதான் சொன்னாங்க அக்கா" என்றான் அவன். "சிக்னல் சரியா வருதான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

ஜெசிந்தாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்பு காற்றில் விலகியபோது இடது தோளுக்குக் கீழே புதுப் பிளாஸ்திரி தெரிந்தது.

"உனக்கும் நெஞ்சுல கோளாறா?"

"பெரிசா ஒண்ணும் இல்லக்கா. லேசா வால்வுல ஏதோ சத்தம் கேக்குதாம். மருந்துகூட இல்ல. சிப் வெச்சுக்கிட்டா வீடு உடனே கிடைக்கும், வாடகையும் இல்லைன்னாங்க. போன வாரம்தான் வெச்சாங்க."

"நில்லு, நில்லு. நீ உள்ள வராத." ஜெசிந்தா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "உன்னை ஏமாத்தறாங்கம்மா. இந்த வீட்டுல இருந்தா..."

"தெரியும்க்கா." தேன்மொழி மெதுவாகச் சொன்னாள். "எல்லாத்தையும் சொல்லித்தான் கொடுத்தாங்க. பேட்டரி சீக்கிரம் தீரும், அடிக்கடி மாத்தணும்னு. கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. நாங்க பாலத்துக்குக் கீழ இருந்தோம்க்கா. பாப்பாவுக்கு ஓயாம சளி. அது ஸ்கூலுக்குப் போற வரைக்கும் என் உடம்பு தாங்கினா போதும்."

மேலிருந்து சூசை கூப்பிட்டான். கட்டில் வாசலில் மாட்டிக்கொண்டதாம்.

"நீங்க எங்கக்கா போறீங்க?" என்று கேட்டாள் தேன்மொழி.

"மேலதான். அஞ்சாவது மாடி."

"இதே பிளாக்கா?" தேன்மொழி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். புது இடத்தில் தெரிந்தவர் ஒருவர் கிடைத்த மாதிரி அவள் முகம் மலர்ந்தது. "அப்ப உங்களோடதும் என் வழியாத்தான் போகும். நான் இருக்கேன்க்கா, பாத்துக்கறேன்."

சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கிறேன் என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினாள்.

ஜெசிந்தா தௌபீக்கைப் பார்த்தாள். அவன் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சாவியைக் கொடுத்தாள்.